காக்கையைக் கிளப்பிப் பார்த்தவர்கள்

இருட்டறை. நாற்காலியில் ஓர் இளைஞர் கண்ணைக் கட்டிக்கொண்டு, தாடையைத் தாங்கியில் பொருத்தி உட்கார்ந்திருக்கிறார். தலையில் நீச்சல்காரர்கள் போடுவது போன்ற இறுக்கமான குல்லாய். அதில் பொத்தான் பொத்தானாக மின்முனைகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் முடியை விலக்கிப் பிசுபிசுப்பான ஜெல் வைத்திருக்கிறார்கள். காதில் அடைப்பான். பிடரிக்குச் சற்று மேலே, எட்டு என்ற எண்ணின் வடிவில் இரண்டு வளையங்கள் சேர்ந்த ஒரு கருவியை ஆய்வாளர் ஒட்டிப் பிடித்திருக்கிறார். 'டக்' என்று ஓர் ஓசை. "தெரிந்தது" என்கிறார் இளைஞர். மறுபடியும் 'டக்'. "இல்லை." இன்னொரு முறை. "தெரிந்தது, இடப்பக்கம் கீழே."

கண்ணைக் கட்டியாயிற்று, விளக்கும் இல்லை. பிறகு எது தெரிந்தது? கருவிக்குள் ஒரு மில்லி வினாடிக்கும் குறைவாகப் பாய்ந்த மின்சாரம் ஒரு காந்தப் புலத்தை எழுப்பியது. அந்தப் புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, மூளையின் பின்கோடியில் இருக்கும் பார்வைப் புறணியில் மின்னோட்டத்தைத் தூண்டியது. அங்குள்ள நியூரான்கள் கிளர்ந்தால் மூளையைப் பொறுத்தவரை அது வெளிச்சம்தான். சேதி கண் வழியாக வந்ததா, காந்தம் வழியாக வந்ததா என்று அவை விசாரிப்பதில்லை. பின்மண்டையில் அடிபட்டால் 'கண்ணில் பொறி பறந்தது' என்கிறோமே, அதுவும் இந்தச் சங்கதிதான். பொறி பறக்கும் இடம் கண்ணைவிட்டு வெகுதூரம், பிடரிக்கு மேலே. இந்த ஒளித்திட்டுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் பாஸ்ஃபீன். இங்கே பொறி என்றே சொல்கிறேன். தீயின் துளியையும் கண், காது முதலான ஐந்தையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது. அந்தச் சொல் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

இளைஞரின் பதில்களை மறுபடி பாருங்கள். மூன்று முறையும் அதே கருவி, அதே இடம், அதே வலிமை. இரண்டு முறை பொறி தெரிந்தது, ஒரு முறை தெரியவில்லை. வெளியே எதுவும் மாறவில்லை என்றால், மாறியது உள்ளேதான். என்ன மாறியது?

இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகத் துரத்திவருபவர் வின்சென்சோ ரோமெய். ஜெனீவா, கிளாஸ்கோ, எஸ்ஸெக்ஸ் ஆகிய இடங்களில் பணியாற்றிவிட்டு, இப்போது இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகத்தின் செசேனா வளாகத்தில் ஆய்வுக்கூடம் நடத்தும் நரம்பியலாளர். அவர் தேடலின் நடுவில் இருப்பது ஓர் அலை. அதற்கு இப்போது நூறு வயது.

ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக மின்னலைகளைப் பதிவுசெய்தார். அவரை அந்த வேலையில் இறக்கியது ஒரு விபத்து. இளம் வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தடியில் போகவிருந்து தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று அக்காவின் மனத்தில் பட்டதாம். எண்ணம் ஏதோ ஆற்றலாகத் தலையிலிருந்து வெளியே போகிறது என்ற நம்பிக்கை அன்று அவருக்குள் விழுந்தது. அந்த ஆற்றல் கடைசிவரை அவருக்குச் சிக்கவில்லை. சிக்கியது வேறொன்று. கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் பின்தலையில் வினாடிக்குச் சுமார் பத்து முறை எழுந்து விழும் ஓர் அலை. கண்ணைத் திறந்தால் அது படுத்துவிடும். முதலில் கண்டதால் அதற்கு ஆல்ஃபா என்று பெயரிட்டார். சொந்த மகன் கிளாஸின் தலையிலும் பலமுறை பதிவுசெய்து பார்த்துவிட்டு, 1929இல்தான் துணிந்து வெளியிட்டார்.

உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் நோபல் பரிசாளர் எட்கர் ஏட்ரியன், சக அறிஞர்கள் முன்னால் தம் தலையிலேயே மின்முனைகளைப் பொருத்திக் காட்டினார். கண்ணை மூடினால் அலை, திறந்தால் இல்லை. மூடியபடியே மனக்கணக்குப் போட்டாலும் அலை குலைந்தது. அவரும் பிரையன் மேத்யூஸும் எழுதிய கட்டுரையில் ஒரு நீர்வண்டின் பார்வை நரம்பு முடிச்சிலும் இதுபோன்ற தாளத்தைக் காட்டினார்கள்.

அதன்பிறகு நெடுங்காலம் ஆல்ஃபாவுக்குப் பெரிய மரியாதை கிடைக்கவில்லை. வண்டியை நியூட்ரலில் போட்டிருக்கும்போது இன்ஜின் சும்மா உறுமுகிறதே, மூளையிலும் அப்படி ஒன்று என்று ஒதுக்கி வைத்தார்கள். பிற்பாடுதான் பார்வை திரும்பியது. இடப்பக்கம் ஏதோ தோன்றப்போகிறது, அங்கே கவனமாக இருங்கள் என்று ஒருவரிடம் சொன்னால், இடப்பக்கக் காட்சியைக் கையாளும் வலது மூளையில் ஆல்ஃபா தாழ்கிறது. கவனிக்க வேண்டாத பக்கத்தைக் கையாளும் இடது மூளையில் ஓங்குகிறது. சும்மா இருக்கும் இடத்தின் உறுமல் இப்படி இடம் பார்த்து நடந்துகொள்ளுமா? வேண்டாத வாசலைச் சாத்தும் வேலையை இந்த அலை செய்கிறது என்ற எண்ணம் வலுத்தது.

அலையின் வேகத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் ஒலிப்பு நேரத்தை அளக்கத் தொல்காப்பியம் எடுத்துக்கொண்ட அளவுகோல்கள் கண்ணிமைப்பும் கைநொடியும். அந்த ஒரு கண்ணிமைப்புக்குள் ஆல்ஃபா இரண்டு மூன்று முறை எழுந்து அடங்கியிருக்கும்.

2008இல் ரோமெயும் கிரெகர் தூட் உள்ளிட்ட சகாக்களும் பொறிச் சோதனையையும் அலைப் பதிவையும் ஒன்றாகச் செய்தார்கள். காந்தத்தின் வலிமையைப் 'பாதி நேரம் தெரியும், பாதி நேரம் தெரியாது' என்ற விளிம்பில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் சற்று முன்னால் பார்வைப் புறணியில் ஆல்ஃபா எப்படி இருந்தது என்று பார்த்தார்கள். விடை துலக்கமாக இருந்தது. அலை தாழ்ந்திருந்த சமயத்தில் துடிப்பு விழுந்தால் பொறி பறந்தது. ஓங்கியிருந்த சமயத்தில் விழுந்தால் இருட்டுதான். சேதி வந்து சேரும் முன்பே, அதைப் பார்ப்பதா வேண்டாமா என்பதில் பாதி தீர்மானமாகிவிடுகிறது!

ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இங்கேயும் உண்டு. அலை தாழ்ந்தபோது பொறி தெரிந்தது என்றால், அலை தாழ்ந்ததால்தான் தெரிந்தது என்று ஆகிவிடுமா? ஒருவேளை தூக்கக் கலக்கம் அலையையும் மாற்றி, பார்வையையும் மங்க வைத்திருக்கலாம். உள்ளே நடக்கும் இன்னொன்றின் நிழலாக இந்த அலை இருக்கலாம். எத்தனை ஆயிரம் முறை பதிவெடுத்தாலும் இந்தச் சந்தேகம் தீராது. காக்கையைக் கிளப்பி, நாம் வேண்டும்போது உட்கார வைத்து, பழம் விழுகிறதா என்று பார்த்தால்தான் தீரும். அதாவது, அலையை நாமே உண்டாக்க வேண்டும். மூளைத் தூண்டல் என்ற கருவியின் அருமை இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

கருவியின் கதையும் பழையதே. மாறும் காந்தப் புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டினார். 1896இல் பாரிஸில் தார்சோன்வால், பெரிய மின்சுருளுக்குள் தலையை வைத்தால் ஒளி மினுங்குவதையும் தலை சுற்றுவதையும் பதிவுசெய்தார். 1910இல் லண்டனில் சில்வேனஸ் தாம்ஸனும் அதையே கண்டார். இவர்கள் கண்ட மினுக்கம் பெரும்பாலும் விழித்திரையில் தூண்டப்பட்டது என்பது இன்றைய முடிவு. மூளை வரைக்கும் போக அந்தச் சுருள்களுக்கு வலு போதவில்லை. 1980இல் மெர்ட்டனும் மார்ட்டனும் உச்சந்தலை வழியாக உயர் அழுத்த மின்சாரத்தையே பாய்ச்சி மூளையைத் தூண்டினார்கள். முடிந்தது, ஆனால் வலித்தது. 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரின் குழு, மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தை ஒரே வீச்சில் சுருளுக்குள் கொட்டி, வலியில்லாமல் மறுபக்கக் கையின் விரல்களைத் துடிக்கவைத்தது. டி.எம்.எஸ். என்று இன்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் காந்தத் தூண்டல் பிறந்தது அப்போதுதான். சுருளின் பரப்பில் புலத்தின் வலிமை ஒன்றரை முதல் இரண்டு டெஸ்லா வரை போகும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கு ஈடான வலிமை, கண நேரத்துக்கு மட்டும்.

2010இல் ரோமெய், யோவாகிம் கிராஸ், தூட் மூவரும் காக்கையைக் கிளப்பிப் பார்த்தார்கள். அவர்கள் கட்டுரையின் தலைப்பே 'உடன்நிகழ்வா, காரணமா' என்ற கேள்வியில்தான் முடிகிறது. திரையில் மிக மங்கலான ஒரு புள்ளி தோன்றுவதற்குச் சற்று முன்னால், மூளையின் ஒரு பக்கத்துக்கு ஐந்து காந்தத் துடிப்புகளை அடுத்தடுத்துக் கொடுத்தார்கள். ஒரு சமயம் வினாடிக்கு ஐந்து என்ற வேகத்தில், ஒரு சமயம் இருபது, ஒரு சமயம் பத்து. ஆல்ஃபாவின் வேகமான பத்தில் தட்டியபோது மட்டும் பார்வை மாறியது. தட்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தோன்றிய புள்ளி தெரிவது குறைந்தது. அதே பக்கம் தோன்றிய புள்ளி முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. ஒரு வாசல் சாத்திக்கொண்டது, மற்றது திறந்தது.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஊஞ்சல் ஆட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னால் வந்து திரும்பும் தருணத்தில் லேசாகத் தள்ளினால் போதும், ஊஞ்சல் உயர உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் முழு பலம் போட்டாலும் தடுமாறும். 2011இல் தூட்டின் குழு ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆல்ஃபா வேகத்தை முதலில் அளந்து, அதே வேகத்தில் துடிப்புகளைக் கொடுத்து, உடன் அலைகளையும் பதிவுசெய்தது. துடிப்புக்குத் துடிப்பு அலை வளர்ந்தது. தாளமில்லாமல் தட்டியபோது அப்படி வளரவில்லை. வெளியிலிருந்து ஓர் அலையை மூளைக்குள் திணிப்பதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலோடு சேர்ந்து தள்ளுவது என்பதே சரி.

இனி நான் சொல்லப்போவது, என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிக அழகான சோதனை.

முதலில் ஒரு மாயத்தோற்றம். திரையில் ஒரே ஒருமுறை வெளிச்சம் மின்னுகிறது. கூடவே 'பீப் பீப்' என்று இரண்டு ஓசை. பார்ப்பவர் இரண்டு மின்னல்களைக் கண்டதாகச் சொல்வார். சும்மா சொல்வதில்லை, இரண்டாவது மின்னல் அவருக்கு உண்மையாகவே தெரியும். காது கேட்டதைக் கண் பார்த்துவிடுகிறது. லதன் ஷம்ஸ், கமிதானி, ஷிமோஜோ மூவரும் 2000இல் அறிவித்த தோற்றம் இது. இரண்டு ஓசைகளுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால்தான் இது நடக்கும். இடைவெளி கூடக்கூட மாயை கலையும். சராசரியாக அந்த எல்லை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கிறது.

பத்தில் ஒரு பங்கு. ஆல்ஃபாவின் ஒரு அலை எழுந்து அடங்கும் நேரமும் அதுதானே! ராபர்ட்டோ செச்சேரே, ஜெரெய்ன்ட் ரீஸ், ரோமெய் மூவரும் இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆல்ஃபா எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒருவருக்கு வினாடிக்கு எட்டு, இன்னொருவருக்குப் பன்னிரண்டு. எட்டு என்றால் ஒரு அலைக்கு 125 மில்லி வினாடி, பன்னிரண்டு என்றால் 83. அலை மெதுவாக இருப்பவரிடம் மாயை அகன்ற இடைவெளியிலும் நிலைக்க வேண்டும், வேகமாக இருப்பவரிடம் சீக்கிரம் கலைய வேண்டும். ஓசைகளின் இடைவெளியை 36 மில்லி வினாடியிலிருந்து 204 வரை படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே வந்தது.

இதுவரைக்கும் காக்கையும் பழமும்தான். அதனால் அடுத்த படியையும் எடுத்தார்கள். பின்தலையில் மின்முனைகளை வைத்து, தலைத் தோலில் லேசாகக் குறுகுறுக்கும் அளவுக்கு, ஏறி இறங்கும் மென்மையான மின்சாரத்தைச் செலுத்தினார்கள். அவரவர் ஆல்ஃபாவைவிட வினாடிக்கு இரண்டு சுற்று மெதுவாகச் செலுத்தியபோது மாயை நிலைக்கும் இடைவெளி விரிந்தது. இரண்டு சுற்று வேகமாகச் செலுத்தியபோது சுருங்கியது. 2015இல் இது வெளியானது. அதே ஆண்டில் ஜேசன் சமாஹாவும் பிராட்லி போஸ்லும், ஓசையே இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு மின்னல்களைக் காட்டி, ஆல்ஃபா வேகமாக ஓடுபவர்கள் அவற்றை ஒன்றாகக் குழப்பாமல் இரண்டாகப் பிரித்தறிகிறார்கள் என்று கண்டார்கள். நமக்கு இடையறாத ஓட்டமாகத் தெரியும் உலகத்தை மூளை சிறு சிறு வாய்களாக எடுத்து உண்கிறது, ஒரு வாய்க்குள் வந்ததெல்லாம் ஒரே நிகழ்ச்சி என்று எடுத்துக்கொள்கிறது என்ற கருத்துக்கு இவை பெரிய ஊன்றுகோல்கள்.

அழகான முடிவுகளைத்தான் கடுமையாகச் சோதிக்க வேண்டும். இங்கே அது நடந்திருக்கிறது. தோலின்மேல் செலுத்தும் மின்சாரம் எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று கியோர்கி பூசாகி உள்ளிட்ட குழு இறந்தவர்களின் உடல்களில் அளந்து பார்த்தது. தோலையும் மண்டையோட்டையும் தாண்டுவதற்குள் முக்கால் பங்கு வீணாகிவிடுகிறது என்று 2018இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தில் ஒரு குழு, உடல் அசைவு சார்ந்த சோதனைகளில் இந்த வகைத் தூண்டலின் விளைவு தோலில் உள்ள நரம்புகள் வழியாக வருகிறது என்று காட்டியது. தோலை மரத்துப்போகச் செய்தபோது விளைவு தேய்ந்தது. மறுபுறம், விழித்திருக்கும் குரங்குகளின் மூளைக்குள் மெல்லிய மின்முனை வைத்துப் பார்த்தவர்கள், ஆழத்தில் இருக்கும் நியூரான்கள்கூட வெளித் தாளத்துக்கு ஏற்பத் தங்கள் துடிப்பின் நேரத்தை மாற்றிக்கொள்வதைக் கண்டார்கள். 2022இல் ஸ்டெஃபன் பூர்கர்ஸும் ஊட்டா நோப்பனேயும் பல நாள் அமர்வுகளில் ஏராளமான தரவு சேர்த்துப் பார்த்து, ஆல்ஃபாவின் வேகத்துக்கும் இந்த நேர எல்லைகளுக்கும் தொடர்பே காணவில்லை என்று அறிவித்தார்கள்.

ஆல்ஃபா ஓங்கினால் பார்வையின் வாசல் சாத்திக்கொள்கிறது என்பது உறுதியாக ஊன்றிவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு அலை ஒரு வாய் என்பது இன்னும் தீர்ப்பு வராத வழக்காகத்தான் இருக்கிறது. தங்களுக்கு எதிரான தரவையும் அதே ஏடுகளில் படித்து, அதற்குப் பதில் சொல்லப் புதுச் சோதனை அமைக்கும் இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ரோமெயின் குழு 2022இல் வெளியிட்ட சோதனை அப்படி ஒன்று. மென்மின்சாரத்தை விட்டுவிட்டு, மூளைக்குள் போகிறதா என்ற ஐயத்துக்கே இடமில்லாத காந்தத் துடிப்புகளுக்குத் திரும்பினார்கள். துடிப்புகளை ஒருவரின் ஆல்ஃபாவைவிடச் சற்று வேகமாகத் தட்டினால் அவர் காட்சியைச் சரியாகக் கண்டறிவது கூடியது, சற்று மெதுவாகத் தட்டினால் குறைந்தது. அலையின் உயரமோ வேறொன்றோடு தொடர்புகொண்டிருந்தது. 'நான் சரியாகத்தான் பார்த்தேன்' என்று அவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதோடு. சரியாகப் பார்ப்பதும், சரியாகப் பார்த்தோம் என்று நம்புவதும் மூளையில் தனித்தனிக் கயிறுகளில் தொங்குகின்றன. சத்தியம் செய்து சாட்சி சொன்ன எத்தனையோ பேரை எண்ணிப் பார்த்தால் இந்தக் கண்டுபிடிப்பின் கனம் புரியும்.

இந்த ஆராய்ச்சி யாருக்கு உதவும்? பொலோன்யா ஆய்வாளர்கள் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கும் நோயாளிகள் உண்டு. பக்கவாதத்தால் மூளையின் பின்பகுதி ஒரு பக்கம் பழுதாகி, இரு கண்களிலும் ஒரே பக்கப் பார்வையை இழந்தவர்கள். கண் நன்றாக இருக்கும், பாதி உலகம் இருக்காது. தட்டில் பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு மீதி இருப்பது தெரியாமல் கை கழுவுவார்கள், தெரியாத பக்கத்துக் கதவு நிலையில் இடித்துக்கொள்வார்கள். இவர்களிடம் ஆல்ஃபா வழக்கத்தைவிட மெதுவாக ஓடுகிறது, அந்த மாற்றம் அவர்களின் பார்வைத் திறனோடு சேர்ந்து போகிறது என்று 2019இல் பதிவுசெய்திருக்கிறார்கள். தளர்ந்த தாளத்தைத் தூண்டி நிமிர்த்தினால் பார்வை கொஞ்சமாவது தேறுமா என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி. சிகிச்சை என்ற பெயருக்கு அது இன்னும் வரவில்லை. ஆகவே தலையில் மாட்டிக்கொண்டால் கவனம் பெருகும், நினைவு கூடும் என்று இணையத்தில் விற்கும் மின்பட்டைகளை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். வலிப்பு வந்தவர்களுக்கு இத்தகைய தூண்டல் ஆபத்தாகவும் முடியலாம்.

இன்றைக்கே நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது திடீரென்று ஒரு பக்கம் பார்வை மறைந்தால், கண்ணாடி மாற்ற வேண்டும்போல என்று நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். கோளாறு கண்ணில் இல்லாமல் பின்மூளையின் இரத்தக்குழாயில் இருக்கலாம். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உடனே 108ஐ அழையுங்கள்.